வளையல் பலகையும் சகாதேவன் சாரும்

திருவண்ணாமலை தாலுகா ஆபீசில் மழைக்காலம் வந்துவிட்டால் தாசில்தாருக்கு அடுத்த பெரிய மனுஷன் சகாதேவன்தான். தாசில்தாரைவிடப் பெரிய மனுஷன் என்று சொன்னாலும் அவர் மறுக்க மாட்டார். வெயில் காலத்தில் அவரும் எல்லோரையும் போல ஒரு கிளார்க். பட்டா கேட்டு வருகிறவனை நாளைக்கு வா என்று அனுப்புகிற வேலை. ஐப்பசி பிறந்து வானம் கறுத்தால் போதும், பின்கட்டு அறையில் கறுப்பு டெலிபோனுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அதற்கு வெள்ளப் பிரிவு என்று பெயர். பிரிவு என்றால் அவர் ஒருத்தர்தான்.

எழுபதுகள் முழுக்க அவர் கொடிதான் பறந்தது. ஊருக்கு ஊர் மணியக்காரர் இருந்த காலம் அது. ஏரி ததும்பினால் மணியக்காரர் தலையாரியை விரட்டுவார். தலையாரி நனைந்தபடி வந்து சகாதேவன் காதில்தான் சேதியைப் போடுவார். சோறு போடுகிற புண்ணியவான்களுக்கு இந்த ஊரில் என்றைக்கும் பஞ்சம் கிடையாது. ஆசிரமத்துச் சமையல்காரர், அரிசி மண்டிக்காரர், பள்ளிவாசல் ஜமாத்துக்காரர் எல்லாரும் அண்டாவை வண்டியில் ஏற்றிவிட்டு அவர் முன்னால் வந்து நிற்பார்கள். "எந்த ஊருக்குப் போவட்டும் சார்?" என்று கேட்பார்கள். இவர் உடனே சொல்லிவிடுவாரா? மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை இழுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உக்காருங்க, சொல்றேன்" என்பார். அவர்கள் உட்கார்ந்து காத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதுதான் அவருக்குச் சம்பளம்.

இதில் ஒரு கோளாறு உண்டு, அதை அவர் கடைசிவரை கோளாறு என்று ஒப்புக்கொண்டதில்லை. காலையில் ஆசிரமத்துக்காரரிடம் எந்த ஊரைச் சொன்னோம் என்பது மத்தியானம் ஜமாத்துக்காரர் வரும்போது அவருக்கு மறந்திருக்கும். அதனால் ரோட்டோர ஊர்க்காரன் மூன்றாவது வேளைப் புளியோதரையை மாட்டுத் தொட்டியில் கொட்டுவான். உள்ளே தள்ளி இருக்கிற ஊர்க்காரன் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிடப்பான்.

எண்பதில் மணியக்காரர் பதவியை அரசாங்கமே எடுத்துவிட்டது. தலையாரிகளின் ஓட்டம் நின்றது. ஊர்ச் சேதி வருவது கம்மியானது. அந்தச் சமயத்தில்தான், பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி, கைசர் ஜஹான் என்கிற பெண் ஆபீசுக்கு வந்து சேர்ந்தாள். தேரடித் தெருவில் வளையல் கடை வைத்திருக்கிற பீர் முகம்மதுவின் மகள். அதிர்ந்து பேசமாட்டாள். அவளைக் கொண்டுவந்து வெள்ளப் பிரிவில் உட்கார வைத்தார் தாசில்தார். சகாதேவனும் முதல் நாள், "வாம்மா, டெலிபோனைத் துடைச்சு வை" என்று பெரிய மனசோடுதான் வரவேற்றார்.

அடுத்த மழைக்குள் அந்தப் பெண் இன்னா பண்ணினாள் தெரியுமா? ரிக்கார்டு ரூமில் கிடந்த உடைந்த பெஞ்சுப் பலகையைச் சுவரில் நிறுத்தினாள். தாலுகாவில் எத்தனை ஊரோ அத்தனை ஆணி அடித்தாள். ஊருக்குப் போகிற ரோட்டைச் சாக்பீசால் கோடாகப் போட்டு, அதிலும் ஆணி அடித்தாள். அப்பா கடையில் விற்காமல் தேங்கின கண்ணாடி வளையல்களைக் கொண்டுவந்து மாட்ட ஆரம்பித்துவிட்டாள். சிவப்பு வளையல் தொங்கினால் அந்த ஊரைத் தண்ணீர் சூழ்ந்திருக்கிறது, சோறு வேண்டும். பச்சை தொங்கினால் சோறு சேர்ந்துவிட்டது. ரோட்டுக் கோட்டின் மேல் கறுப்பு தொங்கினால் அந்த வழியில் போக முடியாது. யார் வந்து எதைச் சொன்னாலும், "இந்தச் சேதி உங்களுக்கு எப்போ கெடைச்சுது?" என்று கட்டாயம் கேட்பாள். பதிலை ஆணிக்குக் கீழே எழுதி வைப்பாள். பழைய சேதியை நம்பிப் போய் யாரும் ஏமாறக் கூடாதாம்.

இதையெல்லாம்கூட சகாதேவன் பொறுத்துக்கொண்டார். நீல வளையலைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. நீலம் என்றால் அந்த ஊரிலிருந்து சேதியே வரவில்லை என்று அர்த்தம்.

"சேதி வராத ஊருக்கு எதுக்கும்மா வளையல்? சேதி இல்லேன்னா நல்லா இருக்காங்கன்னுதானே அர்த்தம்?" என்றார்.

"நல்லா இருந்தா யாராவது டவுனுக்கு வந்திருப்பாங்களே சார். வந்திருந்தா சேதியும் வந்திருக்கும். வராத ஊர்தான் சார் எனக்குப் பயம்" என்றாள் அவள்.

அவருக்குச் சுருக்கென்றது. தனக்கு ஏன் இது தோன்றவில்லை என்ற கேள்வி வேறு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த மழையிலிருந்து அண்டாக்காரர்கள் அவர் மேஜைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். நேராகப் பலகைக்குப் போவார்கள், சிவப்பைப் பார்ப்பார்கள், "நாங்க இந்த ஊருக்குப் போறோம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மூக்குப்பொடி டப்பா திறந்தபடியே இருக்கும், காத்திருக்க ஆள் இருக்காது. போதாக்குறைக்கு ஜில்லா ஆபீஸ் இருந்த வேலூரிலிருந்து வந்த பெரிய அதிகாரி பலகை முன்னால் நின்று, "பிரமாதம்" என்று சொல்லிவிட்டார். பதினைந்து வருஷமாக இவரை யாரும் பிரமாதம் என்று சொன்னதில்லை. வயிறு எரிந்தது என்று சும்மா சொல்லக் கூடாது, நிஜமாகவே அன்றைக்கு அவர் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை.

ராத்திரி வீட்டில் மனைவி வெள்ளையம்மாள் சோறு போடும்போது அவள் கை வளையல் சிலுசிலுவென்றது.

"அந்தச் சத்தத்தை நிறுத்துடி" என்றார் சகாதேவன்.

"இத்தினி வருஷமா போட்டுக்கினு இருக்கற வளையல். இன்னைக்கு அது உங்களை இன்னா பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டு அவள் இன்னும் ரெண்டு ஆட்டு ஆட்டிக் குழம்பை ஊற்றினாள். அவளுக்கு விஷயம் தெரியும். ஆபீஸ் பியூன் வாய் சும்மா இருக்குமா?

அன்று முதல் அவர் பலகைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை என்று ஒரு வைராக்கியம் எடுத்துக்கொண்டார். அறைக்குள் வரும்போதே முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டுதான் வருவார். கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

எண்பத்து மூணோ நாலோ, அந்த வருஷம் கார்த்திகை தீபமும் புயல் மழையும் ஒன்றாக வந்து சேர்ந்தன. தீபத்தன்று ஊரே லீவு, வெள்ளப் பிரிவுக்கு மட்டும் லீவு இல்லை. காலையில் சகாதேவன் ஆபீசுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார். நாவலேரியிலிருந்து தருமன் வந்து நின்றார், இடுப்புவரை சேறு. நாவலேரியின் பழைய தலையாரி மகன் அவர். பால் ஊற்றிப் பிழைக்கிறவர்.

"ஏரி ஒடைஞ்சிடுச்சுங்க சார். ஜனம் மொத்தமும் பாறை மேல ஏறி உக்காந்திருக்கு. பொம்பளைங்க, கொழந்தைங்க எல்லாம். ஒரு பருக்கை இல்லீங்க. நான் மட்டும் எப்படியோ நீந்தி வந்துட்டேன். சேதியை உங்ககிட்டதான் சொல்லணும்னு எங்கப்பா சொல்லியனுப்பிச்சாரு."

"உங்ககிட்டதான்" என்ற அந்த ஒரு வார்த்தை வேலையைக் காட்டிவிட்டது. எத்தனை நாள் கழித்துக் கேட்கிறார். எழுந்து ரோட்டைத் தாண்டினால் பலகை. அவளிடம் சொன்னால் ஒரு சிவப்பு வளையல் தொங்கும், ஆள் போகும், சோறு போகும். பேரும் பலகைக்குப் போகும். சகாதேவன் யோசித்தார். நாளைக்குப் பெரிய அதிகாரி மறுபடி வருகிறார். 'உங்க பலகைக்குத் தெரியாத ஊர் ஒண்ணு இருந்துச்சுங்க. அந்த ஊருக்கு நான் சோறு போட்டுட்டு வந்தேன்' என்று அவர் முன்னால் சொன்னால் எப்படி இருக்கும்? நினைக்கும்போதே டீ இனித்தது.

தருமனை ஒரு சத்திரத்தில் படுக்க வைத்தார். "வேற யார்கிட்டயும் சொல்லாத, நான் பாத்துக்கறேன்" என்றார். மழையால் கூட்டம் கம்மி, அன்னதானத்துக்குச் சமைத்த சாம்பார் சாதம் சத்திரத்தில் அண்டா அண்டாவாக மிஞ்சியிருந்தது. லாரி பிடிக்கத்தான் நேரமாகிவிட்டது. ஒருவழியாக ராமதாஸ் என்கிற லாரிக்காரரைப் பிடித்து அண்டாக்களை ஏற்றி, ஆபீசில் ஒரு ஈ காக்கைக்குக்கூடச் சொல்லாமல், மத்தியானத்துக்கு மேல் கிளம்பினார்.

நாவலேரிக்கு முன்னால் ஒரு தரைப்பாலம். பாலம் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் தண்ணீர் புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. ராமதாஸ் லாரியைத் திருப்பப் பார்த்தார், பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது.

"இன்னா சார் இது, பலகையில பாத்துட்டுதானே கெளம்பினீங்க? இந்தப் பாலத்து மேல கறுப்பு தொங்குதுன்னு காலையிலயே மண்டியில பேசிக்கினாங்களே. நீங்க ஆபீஸ்காரரு, வேற வழி ஏதோ தெரிஞ்சுதான் கூப்பிடறீங்கன்னு நெனைச்சேன்."

சகாதேவன் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். என்னவென்று சொல்வார்? பார்ப்பதில்லை என்று வைராக்கியம் என்றா?

அண்டாவில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் தூரத்தில் பாறை தெரிந்தது, அதன் மேல் புள்ளி புள்ளியாக ஜனம் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்காத தூரம். அங்கே குழந்தைகள் இருக்கின்றன என்று தருமன் சொன்னது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காலையில் டீக்கடையில் அது காதில் விழுந்திருந்தும் மனசில் விழவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கப் போனார். ராமதாஸ் சட்டையைப் பிடித்து இழுத்து வைத்தார்.

சாயங்காலம் மழை விட்டது. மேகம் விலகி, மலை உச்சியில் தீபம் தெரிந்தது. ராமதாஸ் கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணாமலையானுக்கு அரோகரா" என்றார். அதே நேரம் பாறை மேலும் வெளிச்சம் கிளம்பியது. முதலில் ஒரு நெருப்பு, அப்புறம் வட்ட வட்டமாகப் பொறி பறந்தது. யாரோ கொள்ளியைக் கயிற்றில் கட்டி மாவளி சுற்றுகிறார்கள்.

"அவங்களுக்குச் சோறு போயிடுச்சு சார்" என்றார் ராமதாஸ். "பட்டினி கெடக்கறவன் மாவளி சுத்துவானா? பின்னால இருக்கற கரட்டு மேட்டு வழியா யாரோ தலைச்சுமையா கொண்டுபோயிருக்காங்க."

ஒளித்துப் பேசி என்ன ஆகப்போகிறது? அப்போது சகாதேவனுக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை. 'அவதான் அனுப்பியிருப்பா' என்கிற காந்தல்தான் முதலில் வந்தது. அது வந்த பிறகுதான், சீ, நாமும் ஒரு மனுஷனா என்று தன் மேலேயே அருவருப்பு வந்தது. சேறான லாரிப் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். ராமதாஸ் பெரிய மனுஷர், டயரைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார்.

மெயின் ரோடுவரை நடந்து, பஸ் பிடித்து ஆபீசுக்கு வந்தார். வராந்தா பெஞ்சில் வெள்ளையம்மாள் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். அவரைப் பார்த்ததும் எழுந்து, முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள்.

உள்ளே போனார். வெகுநாள் கழித்துப் பலகையை நிமிர்ந்து பார்த்தார். நாவலேரி ஆணியில் பச்சை. தரைப்பாலத்தில் கறுப்பு. பலகையின் ஓரத்தில், எந்த ஊருக்கும் சேராத இடத்தில், புதுசாக ஒரு ஆணி. அதில் நீல வளையல். கீழே 'சகாதேவன் சார்' என்று எழுதியிருந்தது.

"எங்க சார் போனீங்க?" என்றாள் கைசர் ஜஹான். "காலையிலருந்து உங்களைப் பத்தி ஒரு சேதியும் இல்ல. நாலு பக்கமும் ஆள் அனுப்பியிருக்கேன். வீட்டுக்கும் சொல்லியனுப்பினேன்."

அவர் நாவலேரிப் பச்சையைக் காட்டி, "இது எப்படி?" என்றார்.

"தீபத்துக்கு வளையல் வாங்க எல்லா ஊர்ப் பொம்பளைங்களும் எங்க அத்தா கடைக்கு வருவாங்க சார். மத்தியானம் வரைக்கும் நாவலேரியிலருந்து ஒருத்தர்கூட வரல. நீலத்தை மாட்டிட்டு, கரட்டு வழியா ஆளை அனுப்பிச்சேன். போனவங்க பாறையைப் பாத்துட்டு ஓடி வந்து சொன்னப்புறம்தான் சோறு கெளம்பிச்சு. சாயங்காலம் ஆயிடுச்சு. கொழந்தைங்க துவண்டு போயிருந்துச்சாம். கொஞ்சம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா..." என்று நிறுத்தினாள்.

"நானும் நாவலேரிக்குத்தாம்மா கெளம்பினேன். பாலத்துல மாட்டிக்கினேன்" என்றார்.

அவள் சாக்பீசை எடுத்தாள். எல்லாரிடமும் கேட்கிற மாதிரிதான் கேட்டாள், குத்திக் கேட்கவில்லை. "நாவலேரி சேதி உங்களுக்கு எப்போ கெடைச்சுது சார்?"

மத்தியானம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியும்? வாசலில் வெள்ளையம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"காலையில" என்றார்.

சாக்பீஸ் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு நாவலேரிக்குக் கீழே 'காலை' என்று எழுதிவிட்டு, அவள் போய் அவர் பெயருக்கு மேலிருந்த நீல வளையலைக் கழற்றினாள். அதைப் பற்றி அன்றைக்கும் சரி, வேலூருக்கு மாற்றலாகிப் போகிறவரைக்கும் சரி, ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் சகாதேவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் அவர் டீ குடிக்கப் போனாலும் நீல வளையலைத் தன் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போவார், வந்ததும் கழற்றுவார். பியூன் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். பொறாமை போய்விட்டதா என்றால், எங்கே போகும்? யாராவது பலகையைப் புகழ்ந்தால் கடைசிவரை அவர் கை பொடி டப்பாவைத் தேடியது.

எண்பத்தெட்டில் ரிடையர் ஆனார். கைசர் ஜஹான் அப்போது வேலூரில். மாலை போட்டு, மிக்ஸர் தட்டு நீட்டி, புதுசாக வந்த தாசில்தார் சுவரைக் காட்டிக் கேட்டார்: "இந்தப் பலகை உங்க யோசனைதானாமே சார்? பிரமாதம்."

ஆயுசு முழுக்கக் காத்திருந்த வார்த்தை. மறுத்துப் பேச அந்த அறையில் ஆள் இல்லை. சகாதேவன் மிக்ஸர் தட்டைக் கீழே வைத்தார்.

"இல்லீங்க சார். அது கைசர் ஜஹானோட யோசனை" என்றார். சொல்லி முடித்துப் பலகைக்குப் பக்கத்தில் போனார். பிறகு ஓரத்தைக் கை காட்டி, "அந்த ஆணி மட்டும் என்னுது" என்றார்.