போகாத ஊருக்குப் போட்ட கையெழுத்து

வயர்லெஸ் மெக்கானிக் மொட்லாட்சி ஏற்றி வைத்த கருவி பேசாமல் போகாது என்று ஆப்பிரிக்காவின் தெற்கே லெசோத்தோ நாட்டின் அந்த மலை மாவட்டத்தில் பெயர். இருபத்திரண்டு வருடம் உழைத்து வாங்கிய பெயர். சுகாதார அலுவலகத்தின் புதிய ரிப்பீட்டரை மலையுச்சியில் நிறுவும் வேலையும் அதனால்தான் அவரிடம் வந்தது. ஏழு மருத்துவ நிலையங்களின் வயர்லெஸ் குரலை அந்தப் பெட்டி வாங்கி, வலுவாக்கி, மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கம்பத்தை நிறுத்தினார், ஆண்டெனாவைக் கட்டினார், சோலார் தகடுகளைப் பேட்டரியோடு இணைத்தார். மீட்டர் முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

பாக்கி இருந்தது, ஒவ்வொரு நிலையத்துக்கும் நேரில் போய்ப் பேசிப் பார்ப்பது. ஆறுக்குப் போய்விட்டார். ஏழாவது ஹா செபோலோ என்ற ஊர். ஆற்றைக் கடந்து குதிரையில் ஐந்து மணி நேரம். மேற்கே பனிமேகம் திரண்டிருந்தது, முட்டியும் வலித்தது. வரைபடத்தில் நடுவே ஒரு சின்ன மேடுதான் தெரிந்தது. சிக்னல் எட்டிவிடும் என்று நினைத்தார். படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ‘தெளிவாகக் கேட்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து ஹா செபோலோவின் நர்ஸ் மாலினேயோ, மாவு ஏற்றி வந்த வண்டிக்காரரிடம் சொல்லியனுப்பினாள்: வயர்லெஸ்ஸில் வெறும் இரைச்சல்தான் வருகிறது. அப்போது மொட்லாட்சி கூட்டாளிகளோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“பொத்தானை அழுத்திட்டுப் பேசச் சொல்லுங்கப்பா,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அங்கே கடுங்குளிர் மாதமான ஜூலையில் மொலேஃபி என்ற ஆட்டிடையன் பாறையிலிருந்து சறுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. உதவி கேட்டு நர்ஸ் காலையிலிருந்து கூப்பிட்டாள். யாரும் பதில் பேசவில்லை. கடைசியில் அவனைக் கம்பளியில் கட்டி, மாவட்ட மருத்துவமனைக்குப் பனியில் இரண்டு நாள் சுமந்து போனார்கள். உயிர் தப்பியது. ஒரு காலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

சுகாதார அலுவலகத்தில் நடந்த விசாரணையில் மொலேஃபியின் அண்ணன் கத்தினான். “இவ எங்க கூப்பிட்டா? அடுப்புப் பக்கத்துல குளிர் காஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பா.”

“தொண்டை கட்டற வரைக்கும் கூப்பிட்டேன்,” என்றாள் மாலினேயோ.

அதிகாரி படிவத்தைப் புரட்டினார். “தெளிவா கேக்குதுன்னு எழுதியிருக்கே. என்ன மொட்லாட்சி, சரிதானே?”

மொட்லாட்சி மேசையைப் பார்த்தபடி, “எழுதியிருக்கிறதுதான் ஐயா,” என்றார்.

“நீங்க எங்க ஊருக்கு என்னைக்கு வந்தீங்க?” என்று மாலினேயோ கேட்டாள்.

“அவரை நீ விசாரிக்காதம்மா,” என்று அதிகாரி படிவத்தை மூடிவிட்டார். கடமை தவறியதாக அவளுக்கு எழுத்தில் கண்டனம் போனது.

 அதன்பின் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூட மொட்லாட்சிக்கு உடம்பு கூசியது. நான்காம் நாள் குதிரை ஒன்று கேட்டு வாங்கி, கேபிள் சுருளை அதில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

ஹா செபோலோவில் மருத்துவ நிலையத்து பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. ஊர் அவளிடம் வருவதை நிறுத்தியிருந்தது. மாலினேயோ அவரை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவர் மைக்கை எடுத்துக் கூப்பிட்டார். இரைச்சல். மறுபடி கூப்பிட்டார். இரைச்சல்தான்.

“பொத்தானை அழுத்திட்டுப் பேசுங்க ஐயா,” என்றாள்.

வண்டிக்காரர் அந்தப் பேச்சையும் சிரிப்பையும் ஒன்றுவிடாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். மொட்லாட்சி மைக்கை வைத்துவிட்டு நிமிர்ந்தார். வரைபடத்தில் சின்னதாகத் தெரிந்த மேடு, ஜன்னலுக்கு வெளியே வானத்தைப் பாதி மறைத்து நின்றது.

நிலையத்துக்குப் பின்னால், அந்த மேட்டைவிட உயர்ந்திருந்த பாறையின் தலையில் கம்பம் நட்டு, நிலையத்து ஆண்டெனாவை அங்கே ஏற்றி, தடித்த கேபிளைக் கீழே இறக்க இரண்டு நாளாயிற்று. மாவட்ட மருத்துவமனையின் குரல் வந்ததும் மாலினேயோ மைக்கை வாங்கிப் பேசினாள். பேசிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலை ஊர்த்தலைவரின் முற்றத்தில் எல்லோர் முன்னாலும் மொட்லாட்சி தொப்பியைக் கழற்றினார். “நர்ஸம்மா மேல தப்பில்ல. நான் இங்க வரவே இல்ல. வந்து பார்த்ததா எழுதிட்டேன்.”

யாரும் திட்டவில்லை. ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த மொலேஃபிதான் கேட்டான். “எங்க ஊரு அவ்வளவு தூரமா ஐயா?”



முற்றத்தில் சொன்னதையே மொட்லாட்சி அலுவலகத்துக்கு எழுத்திலும் கொடுத்தார். மாலினேயோவின் கண்டனம் ரத்தானது. மொட்லாட்சியை மலை வேலையிலிருந்து எடுத்து, கிடங்கில் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்ற வைத்தார்கள். மாலினேயோ மன்னித்ததாகச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மாவட்டத் தலைநகரின் சந்தையில் மொலேஃபியைக் கண்டால் முதலில் கடைகளுக்குப் பின்னால் ஒதுங்கிப் போனார். ஒதுங்காமல் நிற்கப் பழக ஒரு வருடம் பிடித்தது. மொலேஃபி ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பெரியவருக்குத் தரும் மரியாதையோடு தொப்பியைத் தொடுவான். அதை வாங்கிக்கொண்டு நிற்பதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.