சுரங்க வழியில் பத்து நிமிஷம்

போன வாரம் பேத்தி என்னைப் பூமிக்கு அடியில் இருக்கிற அந்தப் பெரிய மெட்ரோ ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனாள். ரயில் மாறுவதற்கு ஒரு பாதாளத்துக்குக் கீழே இன்னொரு பாதாளம்! நகரும் படியில் கால் வைக்கப் பயந்து, இந்தத் தொண்ணூற்றைந்து வயதுக் கிழவன் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது சந்தன வாசனை வந்தது. முன்னால் ஒரு பெண், புது மொட்டை. இடுப்பிலிருந்த குழந்தை அந்தத் தலையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. "திருத்தணியாம்மா?" என்றேன். "ஆங், தாத்தா" என்றாள்.

நானும் திருத்தணிக்காரன்தான். யுத்த காலத்தில், பத்தொன்பது வயதில், ஒரு ஜங்ஷனில் டிக்கெட் பரிசோதிக்கும் வேலை கிடைத்தது. அங்கேயும் ரயில் மாறுகிறவர்களுக்குத் தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சுரங்க வழி உண்டு. கரிப்புகையும் ஈரமுமாக நாறும். அதன் வாசலில் நின்றால் கவர்னர் என்று நினைப்பு எனக்கு. வீட்டில் அப்பா என்னை 'தண்டச்சோறு' என்பார். இங்கே பெரியவர்களெல்லாம் 'சாமி' என்றார்கள். தலைக்கு ஏறாமல் என்ன செய்யும்?

ஒரு நண்பகல், திருத்தணி ரயிலிலிருந்து இறங்கி ஒரு பெண் ஓடிவந்தாள். புது மொட்டை. இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, அவளிடமிருந்து திமிறி, "அம்மாகிட்ட போணும்" என்று அலறிக்கொண்டிருந்தது.

"யாரு கொயந்தை இது?" என்று மறித்தேன்.

"எம் பொண்ணுங்க. காலையிலதான் முடி குடுத்தேன். மூஞ்சி தெரியாம அயுவுது. எங்கூட்டுக்காரரு பட்டாளத்து ரயில்ல அந்தாண்ட நிக்கிறாரு சாமி. பத்து நிமிஷந்தான் நிக்கும். இவள அவரு இன்னும் பாத்ததே இல்ல."

பொதட்டூர்பேட்டைக்காரி. நூல் கிடைக்காமல் தறி நின்றதும், பிள்ளை பிறக்குமுன்னே புருஷன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். அவன் உயிருக்காகத்தான் அந்த மொட்டை.

"புள்ள புடிக்கிறவளா இருக்கப் போறா சார்!" என்று ஒரு போர்ட்டர் அடியெடுத்துக் கொடுத்தான். கூட்டம் சிரித்தது. நான் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டேன்.

"கொயந்த உன்ன அம்மான்னு கூப்டட்டும், உடறேன்."

மொட்டை போட்ட தாயைப் பார்த்து அலறும் பிள்ளைகளைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அவள்தான் தாய் என்று பார்த்தவுடனே தெரியும். வேடிக்கை நன்றாக இருந்தது, அவ்வளவுதான். பாவி நான்.

அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். கை தட்டினாள். "கண்ணு, அம்மாடி" என்று கெஞ்சினாள். குழந்தை என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. மறுபடி சிரிப்பு. பட்டாளத்து ரயில் விசில் ஊதியது. அவள் தனியாகவே படிகளில் நாலைந்து இறங்கி ஓடினாள். குழந்தையை விட்டுப் போக முடியாமல் திரும்பி வந்தாள். சுரங்க வழியின் கூரை அதிர்ந்தது. அப்புறம் அடங்கியது.

படியில் உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகைக் குரல் கேட்டுத்தான் குழந்தை தானாக அவளிடம் தாவியது.

போகும்போது என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ எந்த ஊரு?"

"திருத்தணி."

"அப்ப உனக்குத் தெரியும்" என்றாள்.

கரி எஞ்சின்கள் போயின. சிரித்த போர்ட்டர்கள் ஒருவரும் இல்லை. அவள் புருஷன் திரும்பி வந்தானா என்று விசாரிக்க, பொதட்டூர்பேட்டை ஒரு பஸ் தூரம்தான். ஓர் ஆயுள் முழுக்க நேரம் இருந்தது. நான் போகவில்லை. இனிமேல் போனாலும் கேட்பதற்கு அவள் அங்கே இருக்கமாட்டாள்.