தகரத்துக்குப் பின்னால் ஒரு முகப்பு

அன்று காலை திராட்சைப் பெட்டிகளுக்குள் தாள் விரித்துக்கொண்டிருந்தேன். என் மகன் செல்வம் போனைக் கையில் பிடித்தபடி எதிரே வந்து நின்றான்.

"என்னடா?"

"தேனி ஓட்டுக்கடை அம்மா போயிட்டாகம்மா."

நான் தாள் விரிப்பதை நிறுத்தவில்லை. தலைக்கு மேலே தகரக் கொட்டகை வெயில் ஏறி டப், டப்பென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தகரத்தை எடுத்துவிடச் சொல்லித்தான் எஸ்தரம்மா என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் எடுக்கவில்லை. எடுக்காமலேயே அவரை அனுப்பிவிட்டேன்.

அவரைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். அம்மா முகப்பு வரைந்து கொடுத்த வீட்டுக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள், ஜெபக் கூட்டத்தன்று புத்தகமாகப் போடுகிறோம் என்று அவர் மகள் ஷீலா கேட்டாள். மற்றவர்கள் அழகாக எழுதியிருப்பீர்கள். நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவள். நடந்ததை நடந்தபடி எழுதத்தான் எனக்கு வரும். நடந்தது எதுவும் எனக்கு மறக்காது. நல்லதும் மறக்காது, ஒருத்தர் சொன்ன சொல்லும் மறக்காது. அதுதான் இவ்வளவுக்கும் காரணம்.

சரிவுக் கூரை போட்டு வீடு கட்ட வேண்டும் என்று செல்வம் ஒற்றைக் காலில் நின்றபோது, ஓடு பார்க்கத் தேனிக்குப் போனோம். தன் அப்பா விட்டுப்போன ஓட்டுக்கடையையும் பெயிண்ட் கடையையும் எஸ்தரம்மாதான் நடத்திவந்தார். கல்லாவில் உட்கார்ந்தபடியே வாடிக்கைக்காரர்களுக்கு வீட்டு முகப்பு வரைந்து கொடுப்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன். குமுளியில் எடுத்த வீட்டுப் படம் ஒன்றைச் செல்வம் போனில் காட்டினான். பளபளவென்று பச்சை ஓடு, கூரைக்கு மேல் கூரை, அதற்கு மேல் இன்னொரு கூரை, வாசலில் இரண்டு சிங்கம்.

"தம்பி, இதுல எத்தன வீடு இருக்கு?"

"ஒண்ணுதாம்மா."

"எனக்கு ஒரு தெருவே தெரியுதே."

அப்புறம் அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "அக்கா, உங்க இடத்துக்குப் பின்னால என்ன இருக்கு?"

"கொல்லை."

"அதுக்குப் பின்னால?"

"திராட்சைத் தோட்டம்."

"அதுக்கும் பின்னால?"

"மலைதான். வேறென்ன இருக்கும்?"

"அத மொதல்ல சொல்லுங்க" என்று பெயிண்ட் கலர் அட்டையைத் திருப்பிப்போட்டார். முதலில் மலையை வரைந்தார். அதன் சரிவைப் பார்த்துப் பார்த்து அப்புறம்தான் கூரையை இழுத்தார். அதுவரை எந்த ஆளும் என்னிடம் கேட்டு எதையும் வரைந்ததில்லை.

கம்பத்திலிருந்து கூடலூர் போகிற ரோட்டில் எங்கள் இடத்தைப் பார்க்க பஸ்ஸில் வந்தார். இடத்துக்குள் கால் வைக்காமல், எதிரே இருக்கிற டீக்கடையில் நின்று வெகுநேரம் பார்த்தார். "வீட்டுக்காரங்க உள்ள இருந்து பாக்கப்போறீக. முகப்ப பாக்கப்போறது ரோட்டுல போறவுகதான். அவுக இடத்துல நின்னு பாக்கணும்ல" என்றார். எங்கள் கொத்தனார் முருகேசன், ஊரில் எல்லோரும் செய்கிறமாதிரி கான்கிரீட்டை மட்டமாகப் போட்டுவிட்டு முன்பக்கம் மட்டும் சரித்து ஓடு ஒட்டிவிடலாம் என்றான். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பின்னால இருந்து பாக்கிறவன் மனுசன் இல்லையா?" என்று கேட்டார். எனக்கு அது பிடித்தது. நான் பாதி நாள் தோட்டத்தில் நின்று வீட்டின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருப்பவள்.

குமுளி வீட்டைப்போல் கூரையை நாலா பக்கமும் நீட்டி விடச் சொன்னான் செல்வம். "அங்கிட்டு மழை மேல இருந்து வரும். இங்கன ஆடி மாசம் காத்து கீழ இருந்து தூக்கும். நீட்டுனா ஓடுகளத் தோட்டத்துலதான் பொறுக்கணும்" என்று அளவாக நிறுத்தினார். பளபளப்பில்லாத மண் நிற ஓடு. சுவருக்கு மஞ்சள் கலந்த வெள்ளை. முகப்பின் முக்கோணத்துக்குள், சூடு வெளியே போகிறமாதிரி மரச் சட்டங்கள். சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குக் கருங்கல். "மழை அடிச்சா செம்மண்ணு அதுவரைக்கும்தான் தெறிக்கும். கல்லு வச்சுட்டா வீடு எப்பவும் கால் கழுவிட்டு வந்தமாதிரி நிக்கும்" என்றார். எனக்கு வத்தல் காயப்போட இடம் இல்லையே என்றேன். மறுபேச்சு இல்லாமல் அடுப்படிக்கு மேலே மட்டும் மட்டமாக ஒரு தளம் போட வைத்தார்.

இவ்வளவும் செய்தவரோடு எனக்கு எப்படி மனக்கசப்பு வந்தது என்று கேட்பீர்கள். கிரகப்பிரவேசத்தன்று வந்தது. கம்பம் சந்தையில் நானே தேடி வாங்கிய திருஷ்டி பொம்மை. பெரிய முகம், தொங்குகிற சிவப்பு நாக்கு. அதை அந்த மரச் சட்டங்களுக்கு நட்டநடுவே மாட்டியிருந்தேன். எஸ்தரம்மா பச்சைக் கரை போட்ட சுங்குடிச் சேலையில், கையில் பழக்கூடையோடு வந்தார். ரோட்டிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார். சிரித்துவிட்டார்.

"அக்கா, நான் முகம் வரைஞ்சு குடுத்தா, நீங்க அதுக்கு முகமூடி மாட்டிட்டீகளே. அதுக்குன்னு நான் வேற..."

அவர் முடிப்பதற்குள் கூட்டம் சிரித்தது. முதலில் சிரித்தது என் நாத்தனார் பேச்சியம்மா. பெயர் போட்டே எழுதுகிறேன், அவளும் படிக்கட்டும். என் புது வீட்டு வாசலில், என் சொந்தக்காரர்கள் முன்னால், எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கும்படி செய்துவிட்டாள் இந்த எஸ்தர் என்றுதான் எனக்குப் பட்டது. வேறு சாமி கும்பிடுகிறவள், நம் வழக்கத்தைக் கேலி பேசுகிறாள் என்றும் பட்டது. "அக்கா, இங்கன வாங்க, ஒண்ணு காட்டணும்" என்று கூப்பிட்டார். நான் பாயசச் சட்டியைப் பார்த்துப் போய்விட்டேன். "சாப்பிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னேன். சாப்பிட்டார், போனார்.

அடுத்த திராட்சை அறுவடைக்குப் பெட்டி கட்ட ஒரு கொட்டகை தேவைப்பட்டது. கொல்லையில் தாராளமாக இடம் இருந்தது. நான் வாசலில் போடச் சொன்னேன். லாரி வந்து நிற்கத் தோது என்று செல்வத்திடம் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் முழுசும் அது இல்லை என்பது எனக்குத் தெரியும். நீலத் தகரம் ஏறியதும் முக்கோணம் மறைந்தது, மரச் சட்டம் மறைந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் ஓட்டின் உச்சி மட்டும் தெரியும்.

ஒருநாள் எஸ்தரம்மா போடியிலிருந்து ஒரு புருசன் பொண்டாட்டியை எங்கள் வீட்டைக் காட்டக் கூட்டிவந்திருந்தார். சொல்லிவிட்டு வரவில்லை. தகர இடுக்கு வழியாகப் பார்த்தேன். டீக்கடை முன்னால் நின்று, தெரியாத முகப்பைக் காற்றிலே விரலால் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் தகரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "உள்ள ஒரு வீடு இருக்கு, நம்புங்க" என்று சொன்னதாக டீக்கடைக்காரர் பின்னால் சொன்னார். அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோசம் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவர்களை டீ குடிக்க விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தார் எஸ்தரம்மா.

"அக்கா, தகரத்தக் கொல்லைக்கு மாத்திக்கிட்டா என்ன?"

"பாக்கலாம்."

"எம்மேல கோவமா?"

"கோவப்பட எனக்கு எங்க நேரம் இருக்கு எஸ்தரு."

கோபம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். பெட்டியிலிருந்து ஒரு கொத்துப் பழம் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு, தகரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். கிறிஸ்துமசுக்கு அவர் வீட்டு முறுக்கு வரும். அந்தத் தூக்குவாளியை நான் வெறுமையாகத் திருப்பி அனுப்பியதே இல்லை. அந்த மரியாதையில் குறை வைக்கவில்லை. வேறு இடத்தில் வைத்தேன்.

கடைசியாகப் போனில் பேசினார். குரல் மெலிந்திருந்தது.

"கால் வீங்கிக் கெடக்கு அக்கா. வரைஞ்ச வீட்டையெல்லாம் ஒரு சுத்துப் பாத்துட்டு வந்துரலாம்னு ஷீலா கார்ல கூட்டிட்டுப் போறேங்கிறா. உங்க வீட்டக் கடைசியா வச்சிருக்கேன். தகரத்தக் கழட்டுனதும் ஒரு போன் போடுங்க, வாரேன்."

"பழம் முடியட்டும்" என்றேன்.

பழம் முடிந்தது. கொட்டகை காலியாக நின்றது. நான் போன் போடவில்லை. இன்னொரு தடவை கேட்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று இருந்தேன். அவர் கேட்கவில்லை. அடுத்த பழத்துக்குப் பெட்டி வந்து இறங்கியபோதுதான் செல்வம் போனோடு வந்து நின்றான்.

தேனியில் அவர் வீட்டில் ஷீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கம்பத்து அக்கா போன் போட்டாகளான்னு கேட்டுக்கிட்டே இருந்தாக பெரியம்மா" என்றாள். குத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். சவப்பெட்டிக்குள் இருந்த முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. கால்மாட்டில் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தகரத்தைக் கழற்றச் சொன்னேன். வீடு கட்டிய அதே முருகேசன்தான் வந்தான். கடைசித் தகடு இறங்கியதும் நானும் அண்ணாந்து பார்த்தேன். வலப்பக்கம், கூரை நுனிக்கு உள்ளே தள்ளி, ஓர் இரும்பு வளையம் இருந்தது. சுவர் நிறமே அடித்திருந்ததால் தேடினால்தான் தெரியும்.

"அது என்னடா முருகேசா? லைட்டு போட வச்சதா?"

"பூசணிக்கா கட்ட ஆத்தா. முகப்பையும் மறைக்கக் கூடாது, ரோட்டுல வாரவுக கண்ணு மொதல்ல அதுலதான் படணும்னு அந்தம்மா டீக்கடையில நின்னுக்கிட்டு, அங்கிட்டு இங்கிட்டுன்னு மாத்தி மாத்தி அடிக்கச் சொன்னாக."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"கிரகப்பிரவேசத்தன்னைக்கு நானே அக்காட்டக் காட்டுறேன்னாகளே. நீங்க அதுக்குள்ள பொம்மைய மாட்டிட்டீக. சரி, வீட்டுக்காரவுக இஷ்டம்னு நானும் விட்டுட்டேன்."

"அவுகளுக்கு ஏதுடா திருஷ்டியும் கழிப்பும்?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'எனக்கு வேண்டாட்டி என்ன, அக்காவுக்கு வேணும்ல'ன்னாக."

அவன் தகரத்தை அடுக்கப் போய்விட்டான். நான் வாசலிலேயே நின்றேன். அவர் அன்று முடிக்காமல் விட்ட பேச்சின் மிச்சம் எனக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது. அதுக்குன்னு நான் வேற இடம் வச்சிருக்கேன் அக்கா. அவ்வளவுதான் சொல்ல வந்திருக்கிறார். அதைக் கேட்கவிடாமல் சிரித்தவர்கள் மேல் கோபத்தைப் போட்டுத் தப்பிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவர்கள் சிரித்து முடித்த பிறகும் அவர் என்னைக் கூப்பிட்டார். காதில் வாங்காமல் போனது நான்தான்.

பொம்மையை இறக்கிவிட்டேன். வளையத்தில் பூசணிக்காய் கட்டியாகிவிட்டது. மறுநாள் காலை வெயில் ஏறும் நேரம் ரோட்டைத் தாண்டி, அவர் நின்ற இடத்தில் போய் நின்றேன். இத்தனை காலத்தில் ஒருநாள்கூட நான் அங்கிருந்து என் வீட்டைப் பார்த்ததில்லை. மலை எப்படிச் சரிகிறதோ அப்படியே கூரையும் சரிந்திருந்தது. கூரையின் நிழல் சுவரில் கோடு போட்டமாதிரி விழுந்திருந்தது. அடியில் கருங்கல், கால் கழுவிட்டு வந்தமாதிரிதான் நின்றது. டீக்கடைக்காரர் கிளாசை நீட்டியபடி, "ஏத்தா, இப்பத்தான் வீடு கட்டி முடிச்சமாதிரி இருக்கு" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று ஷீலா கேட்டாள். பஸ்ஸில் போகும்போது இப்போது எந்த வீட்டைக் கண்டாலும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். அது ஒன்று. அந்த வளையம் ஒன்று. மூன்றாவது, நான் அவருக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட ஒரு சொல். கிரகப்பிரவேசத்தன்று சொல்லியிருக்கலாம், போனில் சொல்லியிருக்கலாம். கேட்க அவர் இல்லாதபோது, உங்களை வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

வீடு நல்லா இருக்கு எஸ்தரு.