ஜக்கெற் இல்லாமல் எரிமலைக்கு

நித்தியானந்தன் அண்ணைக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். அது ஜக்கெற். டென்மார்க்கின் ஸ்கீவ நகரில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையின் குளிரறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்த மனிதர். உள்ளே போனால் குளிர், வெளியே வந்தால் அதைவிடக் குளிர். பென்சன் எடுத்ததற்கு வைத்த விருந்தில், எல்லோருக்கும் முன்னால் தன் பழைய நீல ஜக்கெற்றைத் தூக்கிக் காட்டினார்.

"இதை நாளைக்குப் பழைய உடுப்புப் பெட்டிக்குள்ளை எறியிறன். இனி வெய்யில் நாட்டுக்குப் போறன். அங்கை எரிமலையிலை ஏறப்போறன். திரும்பி வருமட்டும் ஜக்கெற் போடமாட்டன்!"

அவர் மனைவி சரோஜினிதேவி அக்கா வடைத் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றார். "போட்டால்?"

"போட்டால் நீர் கேக்கிறபடி எஸ்பியர்க்குக்கு வீடு மாறுவம்."

மகள் சாரங்கி மேற்குக் கடற்கரையில், எஸ்பியர்க்கில் இருக்கிறாள். போன வருடம் அவளுக்குக் குழந்தை பிறந்ததிலிருந்து, வீட்டை விற்றுவிட்டு அங்கே போவோம் என்று அக்கா அரித்துக்கொண்டிருக்கிறார். அண்ணையோ கண்ணாடிக் கூட்டுக்குள் வளர்க்கும் கத்தரிக் கன்றுகளை விட்டு அசையமாட்டேன் என்கிறார். நான் பக்கத்து வீட்டுக்காரன். இவர்கள் போய்விட்டால் அந்தத் தெருவில் நான் யாரோடு சண்டை பிடிக்கிறது? 'பந்தயத்துக்கு ஒரு நடுவர் வேண்டும்' என்று சொல்லி நானும் அவர்களோடு போக ரிக்கற் போட்டேன். நடுவராம் நடுவர்! நான் முழுக்க முழுக்க அண்ணையின் கட்சி.

புறப்படுமுன் பயிற்சி எடுக்கவேண்டும் என்றார் அண்ணை. டென்மார்க்கில் மலைக்கு எங்கே போவது? ஹிம்மல்பியர்கெற்றுக்குப் போனோம். பெயர் என்னவோ ஆகாய மலை. கார் கிட்டத்தட்ட உச்சி வரைக்கும் போகும். அண்ணை மேலே நின்று ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு, "மலை எண்டால் இவ்வளவுதான் தம்பி" என்றார்.

ஜாவாத் தீவில், எரிமலையின் அடிவாரத்தில் எங்களுக்கு வேர்த்துக் கொட்டியது. அண்ணை பூப்போட்ட மெல்லிய சேர்ட்டும் அரைக் காற்சட்டையுமாக மாப்பிள்ளை போல நின்றார். எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி தன் பைக்குள் கம்பளித் தொப்பியும் கையுறையும் வைத்தார். அண்ணைக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"இந்தாள் ஜனவரியிலை ஸ்கீவ பஸ் ஸ்ராண்டிலை நிண்டால் என்ன பாடுபடும்!"

காடு முடிந்து சாம்பல் சரிவு வந்தது. ஓர் அடி வைத்தால் அரை அடி பின்னால் வழுக்கியது. அண்ணைக்கு வாய் ஓய்ந்து மூச்சு மட்டும் கேட்டது. திடீரென்று அழுகிய முட்டை மணம். அண்ணை மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நான் இல்லை அண்ணை, மலை" என்றேன்.

உச்சிக்கு ஏறியதும் மேகம் வந்து எங்களை மூடியது. அப்படியொரு காற்று! கீழே பெரிய பள்ளத்துக்குள்ளிருந்து புகை கிளம்பிக்கொண்டிருந்தது. அவ்வளவு நெருப்புக்கும் மேலே நின்றுகொண்டு அண்ணை பல் கிடுகிடுக்க நடுங்கினார். அக்கா தன் கம்பளிச் சட்டையின் பொத்தானைப் பூட்டியபடி கேட்டார்.

"குளிருதோ?"

"ச்சீ... ச்சீ... சும்மா காத்து."

நான் மெல்ல என் சால்வையைக் கழற்றப் போனேன். "நடுவர் தம்பி, கையை எடும்!" என்று அக்கா போட்ட அதட்டலில் வழிகாட்டியே திடுக்கிட்டுவிட்டார். பிறகு அக்கா தன் பையைத் திறந்து அந்த நீல ஜக்கெற்றை வெளியே எடுத்தார்.

"இதை நான் எறிஞ்சனான் எல்லோ!" என்று அண்ணை கத்தினார்.

"நீங்கள் எறிஞ்ச பைக்குள்ளை பழைய யன்னல் சீலை. நான்தானே கட்டித் தந்தனான்."

அண்ணை அதைப் பறித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நான் போடேல்லை, போர்த்தினனான். நடுவர், சொல்லும்!"

"போர்த்துறது போடுறதில்லை" என்று உடனே தீர்ப்புச் சொன்னேன். வெட்கங்கெட்ட தீர்ப்புத்தான்.

அக்கா சண்டைக்கு வரவில்லை. அவர் முகத்திலிருந்த குறும்பெல்லாம் போய்விட்டது. அண்ணையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"பந்தயம் கிடக்கட்டும், கையை விட்டுப் போடுங்கோப்பா. எனக்கு எஸ்பியர்க்கும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். நீங்கள் உயிரோடை வேணும்" என்றார். குரல் உடைந்துவிட்டது. எனக்கு அவர்களைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. புகையைப் பார்த்தேன்.

அண்ணை ஜக்கெற்றுக்குள் ஒரு கையை விட்டார், மற்றக் கையையும் விட்டார். அதன் சிப்பைத் தானே கழுத்துவரை இழுத்துப் பூட்டினார்.

"எஸ்பியர்க்கிலை கடல் காத்து சரியான மோசம், தெரியுமோ?" என்று முறைத்தார்.

"அதுக்குத்தானே ஜக்கெற்" என்றார் அக்கா.