எந்தப் பாவம்?

'உங்கள் வாழ்க்கையில் நீங்கள் கடந்து வந்த ஒரு சவாலைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுங்கள்.' பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இப்படிக் கேட்டிருந்தார்கள். பிளஸ் டூ படிக்கிற பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது? மாலை நேரத்தில் பெருங்களத்தூரில் ஜிஎஸ்டி ரோட்டைக் கடப்பதுதான் எனக்குத் தெரிந்த பெரிய சவால்.

எனக்கு வரலாறு படிக்க ஆசை. எங்கள் பீர்க்கன்கரணைத் தெருவில் எல்லோரும் இன்ஜினியரிங் படிக்கக் காட்டாங்குளத்தூருக்கு ரயில் ஏறிக்கொண்டிருந்தபோது, நான் பெங்களூரு பக்கம் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் கண் வைத்திருந்தேன். கட்டுரையைப் பார்த்துத்தான் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அம்மா என்னை மேற்குத் தாம்பரத்தில் ஒரு மொபைல் கடை மாடியில் இதற்கென்றே பயிற்சி கொடுத்த சாரிடம் சேர்த்துவிட்டார்.

"வீட்ல ஏதாச்சும் பிராப்ளம் இருக்காம்மா?" என்றுதான் சார் ஆரம்பித்தார். "அப்பா என்ன பண்றார்?"

"அப்பா எங்களோட இல்ல சார்."

சார் முகத்தில் பல்பு எரிந்தது. "சூப்பர்! அதான் உன் எஸ்ஸே. படிக்கிறவங்க 'அய்யோ பாவம்'னு உச்சு கொட்டணும். சீட்டு கன்ஃபார்ம்."

அவரே எழுதியும் கொடுத்தார். அப்பா எங்களைக் கைவிட்டு ஓடிவிட்டாராம். அம்மா தினமும் கண்ணீர் வடிக்கிறாராம். நான் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படிக்கிறேனாம்.

"எங்க வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு சார்."

"அதெல்லாம் எழுதக் கூடாதும்மா."

எனக்கு இந்தக் கதை புதிதில்லை. எங்கள் சர்ச் சபையில் சாட்சி சொல்ல எழுந்திருப்பவர்கள் இப்படித்தான் சொல்வார்கள்: முதலில் இருட்டு, நடுவில் கண்ணீர், கடைசியில் வெளிச்சம். அவர்களாவது தங்கள் சொந்தக் கண்ணீரைச் சொல்வார்கள். சார் என் அம்மாவுக்கு இல்லாத கண்ணீரை அல்லவா வடிக்கச் சொல்கிறார்!

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர், 'கைவிட்டு ஓடிவிட்டார்' என்ற இடத்தில் நிமிர்ந்தார்.

"யாரு யாரை விட்டுட்டு ஓடினாங்க?"

அதுதானே! அப்பா எங்கும் ஓடவில்லை. வண்டலூரில் நாங்கள் இருந்த அதே வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறார். குழம்பில் உப்பு குறைந்தால் தட்டைச் சுவரில் வீசுகிற மனுஷன். ஒருநாள் அந்தத் தட்டு என் காதை உரசிக்கொண்டு போனது. மறுநாள் காலை அம்மா ஒரு கையில் என்னையும் மறு கையில் பிரஷர் குக்கரையும் பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறிவிட்டார். கிளம்பியது நாங்கள்.

ஆனால் புதுச் சபையில் யாராவது "வீட்டுக்காரர் விட்டுட்டுப் போயிட்டாரா?" என்று கேட்டால் அம்மா மறுத்ததே இல்லை. தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். எனக்கு அது பற்றிக்கொண்டு வரும். அன்றைக்குக் கேட்டே விட்டேன்.

"அவர் விட்டுட்டுப் போனார்னா நான் பாவம்" என்றார் அம்மா. "நான் விட்டுட்டு வந்தேன்னா அது பாவம். முதல் பாவத்துக்கு வாடகைக்கு வீடாச்சும் கிடைக்கும்டி."

ஒரே சொல். ஒரு பக்கம் உச்சு கொட்டும், மறு பக்கம் கல்லெறியும். என் அம்மா இரண்டுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியிருக்கிறார். இதைவிடச் சவால் வேறென்ன வேண்டும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு?

"நடந்தத எழுதட்டுமா?"

அம்மா சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். "எழுது. அழுது வடியாம எழுது."

எழுதினேன். தட்டு, குக்கர், ஷேர் ஆட்டோ, அந்த ஒற்றைச் சொல்லின் இரண்டு அர்த்தங்கள், எல்லாவற்றையும். சார் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"இதைப் படிச்சா யாருக்கும்மா பரிதாபம் வரும்?"

"வரக் கூடாதுன்னுதான் சார்."

"சீட்டு போயிடும், பார்த்துக்கோ."

இருந்தாலும் அதைத்தான் அனுப்பினேன்.

சீட்டு போய்விட்டது. 'வருந்துகிறோம்' என்று ஒரு மெயில். அழுதேன், ஏன் மறைக்க வேண்டும்? முகம் வீங்க அழுதேன். கட்டுரையால்தான் போனதா, மார்க்கால் போனதா, அது அவர்களுக்கே வெளிச்சம். ஆனால் அதில் ஒரு வரியையாவது மாற்றியிருக்கலாம் என்று எனக்கு அன்றைக்கும் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை. தாம்பரத்திலேயே ஒரு கல்லூரியில் வரலாற்றுக்கு இடம் கிடைத்தது. அதே வரலாறுதான், பெங்களூரில் ஒன்றும் வேறு அக்பர் இல்லை.

மெயில் வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். வாசலில் பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த ஒரு ஆன்ட்டி என் கன்னத்தைத் தடவினார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாவம் டீச்சர், அப்பா விட்டுட்டுப் போன பிள்ளை. கேட்ட காலேஜும் கிடைக்கலியாமே."

அம்மா வழக்கம்போலத் தலையை ஆட்டுவார் என்று நினைத்தேன். ஆட்டவில்லை.

"அவர் எங்கயும் போகல அக்கா. வண்டலூர்லதான் இருக்கார். நான்தான் விட்டுட்டு வந்தேன்."

செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆன்ட்டியின் கை என் கன்னத்திலிருந்து இறங்கியது. "பா..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

அம்மா நகரவில்லை. வகுப்பில் பதில் வராத பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க அக்கா. எந்தப் பாவம்?"