சித்தப்பாவின் மொழிபெயர்ப்பு

தேசியக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர் தேடுகிறார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நம்மவர்களில் ஆள் இல்லை என்று டை கட்டிய ஒருவர் டிவியில் சாவகாசமாகச் சொல்வார். இருந்த ஆளை என்ன செய்தோம் என்று எனக்குத் தெரியும்.

என் சித்தப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். கம்பெனியின் கால்பந்து அணியை ஆறு வருடம் பாலாற்று மணலில் ஓடவிட்டுப் பழக்கியவர். அந்த வருடம் கம்பெனிகளுக்கு இடையிலான போட்டியில் ராணிப்பேட்டை அணியுடன் இறுதிப்போட்டி. ஜெயிக்கும் அணியின் பயிற்சியாளரைச் சென்னையில் நடக்கும் பயிற்சியாளர் படிப்புக்குச் சிபாரிசு செய்வதாகப் போட்டி நடத்தும் கமிட்டி சொல்லியிருந்தது. சித்தப்பாவுக்கு அது ஒன்றுதான் வேண்டும். பள்ளிகொண்டா பெருமாளுக்கு வேண்டுதல்கூட வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து, சோல் ஒட்டுவதைச் சரிபார்க்க இத்தாலியிலிருந்து ஒரு டெக்னீசியன் வந்து இறங்கினார். இத்தாலிக்காரருக்குக் கால்பந்து தெரியாமல் இருக்குமா என்று மேனேஜர் அவர் பெயரையே பயிற்சியாளராக எழுதிக் கொடுத்துவிட்டார். அவருடைய இங்கிலீஷ், கூடவே வேலை பார்த்த சித்தப்பாவுக்கு மட்டும்தான் புரியும். அதனால் சித்தப்பா மொழிபெயர்ப்பாளர். எனக்கு எட்டு வயது. சித்தப்பா வெள்ளைக்காரர் பக்கத்திலேயே நிற்கப்போகிறார் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

போட்டியன்று இடைவேளையில் இத்தாலிக்காரர் வெயிலைப் பற்றி ஏதோ இரண்டு வார்த்தை முனகினார். சித்தப்பா அதைத் தமிழில் ஐந்து நிமிடம் சொன்னார்.

"அவங்க லெஃப்ட்ல நிக்கிறவன் மூச்சு வாங்குறான்டா. பந்த அந்தப் பக்கமே போடுங்க."

அந்தப் பக்கத்திலிருந்தே இரண்டு கோல். ஜெயித்துவிட்டோம்.

மேடையில் மாலை, சால்வை எல்லாம் இத்தாலிக்காரருக்கு. அவர் மைக்கைப் பிடித்து நீளமாகப் பேசினார். நடுநடுவே மூன்று முறை சித்தப்பாவை விரல் நீட்டிக் காட்டினார்.

"இன்னாப்பா சொல்றாரு?" என்றார் மேனேஜர்.

சித்தப்பா மைக்கை வாங்கி, தலையைக் குனிந்துகொண்டு, "எல்லாருக்கும் நன்றி சொல்றாரு" என்றார்.

வெளிநாட்டவரைச் சிபாரிசு செய்ய விதி இல்லை, உள்ளூரிலும் தகுதியானவர் யாரும் இல்லை என்று கமிட்டி எழுதி அனுப்பிவிட்டது. சித்தப்பா கடைசிவரை கட்டிங்கிலேயே இருந்து ரிட்டயர் ஆனார். அன்று இத்தாலிக்காரர் என்னதான் பேசினார் என்பதைப் போன மாதம்தான் சித்தப்பாவின் வாயிலிருந்து பிடுங்கினேன். எனக்குக் கால்பந்து தெரியாது, ஜெயிக்க வைத்தது இவர்தான், படிப்புக்கு இவரை அனுப்புங்கள் என்றாராம்.

"நம்ம வாயாலயே நம்மள எப்படிம்மா புகழ்ந்துக்கிறது?" என்கிறார் மனுஷன், இன்றைக்கும். தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆனால் அவரை மட்டும் சொல்லி என்ன பயன்? அவ்வளவு நீளமான பேச்சைத் தமிழ் மூன்றே வார்த்தையில் முடித்துவிட்டதே என்று பூரித்துப்போய், அந்தக் கூட்டத்திலேயே ரொம்ப நேரம் கைதட்டியவள் நான்தான்.