கனமில்லாத மோட்டார்

தொண்ணூறுகளின் நடுவில் கணபதி என்கிற ஊரில் எனக்கும் அண்ணனுக்கும் பம்ப்செட் மோட்டார் பட்டறை இருந்தது. பாலிடெக்னிக் படித்த திமிரில் இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு புதிதாக ஒரு மோட்டார் செய்தேன். பழையதைவிடப் பத்துக் கிலோ குறைவு. கரண்டும் குறைவாகத்தான் இழுக்கும். தண்ணீர் மட்டும் அதே அளவு கொட்டும். அண்ணன் குறுக்கே நிற்கவில்லை.

“இந்தக் கோடைக்குள்ள பத்து வித்துப்போட்டீன்னா இதையே செய்யலாம் கண்ணு. இல்லீன்னா பழசுதான்.”

காங்கேயத்தில் தெரிந்தவர் கடை வாசலில் மோட்டாரோடு உட்கார்ந்தேன். வந்த விவசாயிகள் யாரும் என் நோட்டீசைப் படிக்கவில்லை. குனிந்து ஒரு கையால் மோட்டாரைத் தூக்கிப் பார்த்தார்கள். அது சுலபமாக எழும்பியதும் முகம் மாறிவிட்டது.

“ஏனுங்க தம்பி, உள்ளார காப்பர் எல்லாம் இருக்குதுங்களா?” என்றார் ஒரு மீசைக்காரர்.

மூடியைக் கழற்றியே காட்டினேன். கரண்டு மிச்சமாகும் என்றேன்.

“கரண்டுக்கு நாம காசா குடுக்கறமுங்க?”

விவசாயத்துக்குக் கரண்டு இலவசம் என்பது எனக்குத் தெரியாதா என்ன? படம் வரைந்த இரண்டு வருஷமும் அது புத்தியில் உறைக்கவில்லை. என்மேலேயே எரிச்சலாக வந்தது.

ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுதான் கொடுமை. “ரொம்ப நல்லாருக்குதுங்க, நோம்பி முடிச்சுப்போட்டு வாரேனுங்க” என்றார்கள். இந்த ஊரில் பிறந்தவனுக்கு அதன் அர்த்தம் தெரியாமல் இல்லை. தெரிந்தும் நம்பினேன். பட்டறையில் இன்னும் எட்டு மோட்டார் செய்து அடுக்கினேன்.

மாரியம்மன் நோம்பி, திருவிழா எல்லாம் முடிந்தது. ஒருவரும் வரவில்லை. அடுக்கிய மோட்டார்களைப் பார்க்கப் பிடிக்காமல் பட்டறைக்குப் பின்வாசல் வழியாகப் போனேன்.

“அடியில பத்துக் கிலோவுல ஒரு இரும்புத் தட்டு போட்டுரு” என்றார் அண்ணன். எதற்கும் உதவாத தட்டு. சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அதற்கும் படத்தை நானே வரைந்தேன்.

அண்ணனும் நானும் அதே கடை வாசலுக்குப் போனோம். அதே மீசைக்காரர் வந்தார். ஒரு கையால் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. இரண்டு கையாலும் தூக்கி, முக்கி, கீழே வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“இப்பத்தானுங்க மோட்டாராட்ட இருக்குது! என்னங்க மாத்துனீங்க?”

நான் அண்ணனைப் பார்த்தேன்.

“எல்லாத்தையுமுங்க” என்றார் அண்ணன்.

அந்தக் கோடையில் பத்துக்கு மேலேயே விற்றது. அன்று மீசைக்காரர் வாங்கிய மோட்டாரை டெம்போவில் ஏற்ற ஆள் பத்தவில்லை. நானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினேன்.